பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின்சா மெஷினுக்குப் பவர் ஏறுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். உங்களிடம் இருப்பது மரம் அறுக்கும் 58 சிசி செயின்சா மெஷின், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), .325 செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்). தோப்பில் விழுந்த தென்னை, வேலியோரத்து வேம்பு, புளி எல்லாம் அதில்தான் அறுக்கிறீர்கள். பருமனான மரத்தில் மெஷின் திணறுகிறது. 3/8 செயினும் 8 பல் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றினால் பவர் ஏறும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் செயின் அளவைப் பற்றிய கேள்வி. உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, இருக்கிற இஞ்சின் சக்தியை வீணாக்காமல் மரத்துக்குள் கொண்டுபோக என்ன வழி என்பது. மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். மாற்றினால் இப்போது இருக்கும் திணறல் கூடத்தான் செய்யும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் பண்ணை மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தென்னை அறுப்பவர்களும் வால்பாறையிலிருந்து சில்வர் ஓக் அறுப்பவர்களும் கொண்டுவரும் மெஷின்களில் பாதி, இந்தப் பொருத்தம் தப்பிப்போனதால் வருபவை.

.325, 3/8 என்பவை செயினின் பிட்ச், இன்ச் கணக்கில். பிட்ச் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுத்தால் வருவதுதான் பிட்ச். .325 செயினில் அது 8.25 மி.மீ. 3/8 செயினில் 9.32 மி.மீ. (3/8 இன்ச்சை நேராக மாற்றினால் 9.5 வரும், ஆனால் செயினில் உண்மை அளவு 9.32தான். அதனால் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு ‘கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்று நினைக்க வேண்டாம்.) .404 செயினில் 10.26 மி.மீ. ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு டிரைவ் லிங்க்கை (செயினின் அடியில் நீட்டிக்கொண்டு பார் காடிக்குள் ஓடும் கண்ணியை) பிடித்து இழுக்கும், ஒரு டிரைவ் லிங்க்குக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு பிட்ச் தூரம் இருக்கும். ஆகவே ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றினால் செயின் எவ்வளவு நகரும் என்பதற்குக் கணக்கு எளிது: பல் எண்ணிக்கையை இரண்டாலும் பிட்ச்சாலும் பெருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருவோம். .325, 7 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 115.5 மி.மீ. 3/8, 7 பல் என்றால் 130.5 மி.மீ. உங்களிடம் சொன்ன 3/8, 8 பல் என்றால் 149 மி.மீ. 58 சிசி என்று விற்கும் மெஷின்களின் பெட்டியில் பெரும்பாலும் 2.4 கிலோவாட்டை ஒட்டித்தான் போட்டிருக்கும். அதை அப்படியே நம்பி, அந்தச் சக்தி 8,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,500 சுற்றில்) கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள பொருத்தத்தில் செயின் நொடிக்கு சுமார் 16.4 மீட்டர் ஓடும், செயினில் இழுவை சுமார் 15 கிலோ. 3/8, 8 பல் போட்டால் ஓட்டம் 21 மீட்டராக ஏறும், இழுவை பதினொன்றரைக் கிலோவாக இறங்கும். பாரில் உராய்ந்து வீணாவதை இதில் சேர்க்கவில்லை, அதையும் கழித்தால் இன்னும் குறைவு. வாட் அதேதான், ஒரு பொட்டுகூட ஏறவில்லை. வேகத்துக்கும் இழுவைக்கும் அதைப் பங்கிடும் விதம்தான் மாறுகிறது. டாப் கியரில் போட்டு ஏர் உழுதால் டிராக்டர் என்ன செய்யுமோ, அதையேதான் இந்த மெஷினும் செய்யும்.

சரி, 15 கிலோ இழுவை மரத்துக்குள் போய் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும். சாதாரணச் செயினில் இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு வெட்டும் பல். .325-இல் 33 மி.மீ.க்கு ஒன்று வரும். 50 செ.மீ. பருமனுள்ள புளிய மரத்தில் பாரை முழுக்க இறக்கினால் ஒரே நேரத்தில் 15 பற்கள் மரத்துக்குள் இருக்கும். ஆளுக்கு ஒரு கிலோ இழுவை. 30 செ.மீ. தென்னை என்றால் 9 பற்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். அதே மெஷின் தென்னையில் ஓடிப் புளியில் திணறுவது இதனால்தான். இஞ்சினில் கோளாறு என்று கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். 3/8, 8 பல்லுக்கு மாறினால் 50 செ.மீ. மரத்தில் 13 பற்கள் இருக்கும், ஆளுக்கு 900 கிராம் இழுவைகூட முழுசாகத் தேறாது. அதோடு 3/8 பல் .325 பல்லைவிடப் பெரியது. வழக்கமான 3/8 செயின் வெட்டும் தடமும் பெரும்பாலும் அகலம் அதிகம். பெரிய பல்லுக்குக் குறைந்த இழுவை என்றால் அது கடிக்காமல் வழுக்கும், இல்லையென்றால் கடித்தபடி நின்றுவிடும்.

நின்றால் அத்தோடு விடாது. செயின் நின்று இஞ்சின் ஓடினால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச் டிரம் சூடேறி நீலம் பாரித்துப் போயிருப்பதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். உள்ளே நீடில் பேரிங் கிரீஸ் உருகி ஓடிவிடும். பல மாடல்களில் ஆயில் பம்பை ஓட்டும் சின்னப் புழு கியர் அந்த டிரம்மை ஒட்டியே இருக்கிறது, அது பிளாஸ்டிக்காக இருந்தால் இளகிவிடும். அப்புறம் ‘ஆயில் வரவில்லை’ என்று மெஷின் என்னிடம் வரும். ஆயில் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. பம்ப் சுற்றுக்கு இவ்வளவு என்றுதான் ஆயில் தரும். ஸ்ப்ராக்கெட் பெரிதானால் அதே சுற்றில் செயின் அதிக தூரம் ஓடிவிடுகிறது, மீட்டருக்குக் கிடைக்கும் ஆயில் குறைகிறது. 22 இன்ச் பாரின் நுனிவரை ஆயில் போய்ச் சேருவதே இந்த வகை மெஷின்களில் பெரும்பாடு.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். செயின் வேகம் ஏறினால் பார் நுனி மரத்தில் பட்டுத் திருப்பியடிக்கும் அடியும் பலமாகும். மெஷினின் பிரேக்கும், அறுந்த செயினைப் பிடிக்கும் செயின் கேட்சரும் கம்பெனி கொடுத்த வேகத்துக்கு அமைத்தவை. 8 பல் ஸ்ப்ராக்கெட் கேட்சருக்கும் மூடிக்கும் இடையில் உரசாமல் சுற்றுமா என்பதும் மாடலுக்கு மாடல் வேறுபடும். கையில் எடுத்துப் பார்க்காமல் யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

அப்படியானால் பெரிய ஸ்ப்ராக்கெட் எப்போதுமே தப்பா என்றால், இல்லை. மெஷின் மரத்துக்குள் இருக்கும்போது எத்தனை ஆர்பிஎம்மில் நிற்கிறது என்பதுதான் அளவுகோல். ஒவ்வொரு இஞ்சினுக்கும் உச்ச சக்தி கிடைக்கும் ஒரு ஆர்பிஎம் இருக்கிறது, கையேட்டில் கிலோவாட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அறுக்கும்போது அதற்கு மேலேயே நின்று, அழுத்தினாலும் இறங்காமல் ஓடினால், இழுவை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பல் கூட்டினால் வேகமாக அறுக்கும். 90 சிசி மெஷினில் 20 இன்ச் பார் போட்டு மெதுமரம் அறுப்பவர் 8 பல் போட்டுக்கொள்வது அதனால்தான். அதே மெஷினில் 36 இன்ச் பார் போட்டு மரத்தை நீளவாக்கில் பலகையாகப் பிளக்கும்போது 7 பல்லுக்குத் திரும்பிவிடுவார். உங்கள் மெஷின் இப்போதே இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கூட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. காதை வைத்துச் சொன்னால் போதாது என்று தோன்றினால், ப்ளக் ஒயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன டாக்கோமீட்டர் வாங்கிப் பாருங்கள், அதிக விலை இல்லை.

கம்பெனிகள் தங்கள் மெஷின்களுக்கு எதை எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தாலும் இதே கணக்குதான் தெரியும். ஸ்டில் எம்எஸ் 180 போல 32 சிசி, ஒன்றரை கிலோவாட்டை ஒட்டிய சின்ன மெஷினுக்கு 3/8 லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த, சின்ன மெஷினுக்கான வகை) செயின், பெரும்பாலும் 6 பல் ஸ்ப்ராக்கெட். பெருக்கிப் பாருங்கள், சுற்றுக்கு 112 மி.மீ. வரும். ஹஸ்க்வர்ணா 450 என்பது 50.2 சிசி, 2.4 கிலோவாட். அதற்கு .325, 7 பல் என்றால் உங்களுடைய அதே 115.5. ஸ்டில் எம்எஸ் 382 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட். அங்கேதான் முழு அளவு 3/8 வருகிறது, 7 பல்லில் சுற்றுக்கு 130.5. ஆறு கிலோவாட்டைத் தாண்டிய எம்எஸ் 881, ஹஸ்க்வர்ணா 3120 போன்றவற்றில் .404 செயின், 7 பல்லிலேயே 143.6 மி.மீ. சக்தி ஏற ஏறத்தான் சுற்றுக்கு ஓடும் தூரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். உங்களுக்குச் சொல்லியிருக்கும் 149, அந்த ஆறு கிலோவாட் மெஷின்களின் 143.6-ஐயும் தாண்டுகிறது. ஹஸ்க்வர்ணா 450-ஐச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது 50 சிசியில் தரும் அதே கிலோவாட்டைத்தான் உங்கள் 58 சிசி பெட்டியும் சொல்கிறது. செயினைத் தேர்ந்தெடுக்க கிலோவாட்டைப் பாருங்கள், சிசி வழிகாட்டாது.

என் அனுபவத்தில், இரண்டு கிலோவாட் வரை லோ ப்ரொஃபைல், இரண்டிலிருந்து மூன்று வரை .325, மூன்றுக்கு மேல் 3/8, ஐந்து ஐந்தரையைத் தாண்டினால் .404 பற்றி யோசிக்கலாம். இது கல்லில் வெட்டிய விதி இல்லை. மூன்று கிலோவாட்டை ஒட்டிய மெஷின்களில் .325, 3/8 இரண்டையும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், இருவருக்கும் நியாயமான காரணம் இருக்கும். முன்னால் சொன்ன பெருக்கல் கணக்கு மாறாது. எல்லைக்கோடு எங்கே என்பது மரத்தையும் பாரையும் கையையும் பொறுத்தது.

செயின் மாற்றுவது என்றால் செயின் மட்டும் மாறினால் போதாது என்பதையும் கடையில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட், செயின், பார் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரம், மூன்றின் பிட்ச்சும் ஒன்றாக இருந்தாக வேண்டும். .325 நுனி உள்ள பாரில் 3/8 செயின் ஓடாது. ஓட்டினால் நுனியிலேயே கடித்து நிற்கும், அல்லது நுனியைத் தின்றுவிடும். அதாவது பாரும் புதிதாக வாங்க வேண்டும். அடுத்தது கேஜ், டிரைவ் லிங்க்கின் கனம். பார் காடியின் அகலத்தோடு அது பொருந்த வேண்டும். இந்த 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .058, அதாவது 1.5 மி.மீ. காடி இருக்கும். அதில் 1.3 மி.மீ. செயினைப் போட்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் சாய்ந்து சாய்ந்து ஓடி, அறுவை வளைந்து போகும். ‘பார் கோணிவிட்டது’ என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஓரிகன் கம்பெனி செயினில் டிரைவ் லிங்க்கிலேயே எண் குத்தியிருக்கும்: 20, 21, 22 எல்லாம் .325 (21 என்றால் 1.5 மி.மீ.), 72, 73, 75 எல்லாம் முழு 3/8, 91 என்றால் லோ ப்ரொஃபைல். ஸ்டில் செயினில் ரேக்கர் (வெட்டும் பல்லுக்கு முன்னால் நிற்கும் முட்டு) பக்கத்தில் 2 இருந்தால் .325, 3 இருந்தால் 3/8, 6 இருந்தால் லோ ப்ரொஃபைல். முழு 3/8-ம் லோ ப்ரொஃபைல் 3/8-ம் ஒரே பிட்ச் என்று இரண்டையும் கலந்து போடாதீர்கள். டிரைவ் லிங்க்கின் அடிவடிவம் வேறு, ஸ்ப்ராக்கெட் பல்லில் சரியாக உட்காராது.

இனி உங்கள் திணறலுக்கு வழி. முதலில் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள், அளவை மாற்ற இல்லை, தேய்மானத்தைப் பார்க்க. டிரைவ் லிங்க் உட்காரும் இடத்தில் விழுந்திருக்கும் பள்ளம் அரை மி.மீ. தாண்டியிருந்தால் அது முடிந்துபோன ஸ்ப்ராக்கெட். அதில் புதுச் செயின் போட்டால் சில நாளிலேயே அதையும் இழுத்துவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது நல்ல வழக்கம். டிரம்மோடு சேர்ந்த ஸ்பர் வகை இருந்தால் மொத்த டிரம்மும் மாற வேண்டும். தனி வளையமாகக் கழன்று வரும் ரிம் வகை உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள், அதே .325, 7 பல்லில். அடுத்த முறை வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது ரேக்கர், முன்பு சொன்ன அந்தச் சின்ன முட்டு. இதை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். இன்று நாம் ஓட்டும் வகைப் பல்லை 1940களில் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் தின்னும் வண்டுப் புழு இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதைக் கவனித்து வடிவமைத்தார். அந்தப் பல் இழைப்புளி மாதிரி சீவுகிறது. எவ்வளவு கனத்துக்குச் சீவ வேண்டும் என்பதை ரேக்கர்தான் தீர்மானிக்கிறது. .325-க்கு ரேக்கர் பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் ‘நல்லா கடிக்கட்டும்’ என்று கண்மட்டத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் ராவிவிடுகிறார்கள். பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டதற்கும் அதற்கும் விளைவு ஒன்றுதான். ஒவ்வொரு பல்லும் தன் பங்கு இழுவையைவிட அதிகமாகக் கடிக்கப் பார்க்கும், மெஷின் நின்றுவிடும். ஒரு ரேக்கர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்லைத் தீட்ட .325-க்கு 4.8 மி.மீ. ரவுண்டு அரம். வேறு அளவு அரத்தில் தீட்டினால் கொக்கி வடிவம் கெட்டுப்போகும். மரத்திலிருந்து செதில் செதிலாக வந்தால் செயின் கூராக இருக்கிறது, மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டிவிட்டு மெஷினுக்குப் பவர் இல்லை என்று வருபவர்கள்தான் அதிகம்.

தென்னை அறுப்பவர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மற்ற மரத்துக்கு நடுவில் வைரம், தென்னைக்கு வெளிவட்டத்தில். தூரில் அந்த வெளிவட்டம் கருங்காலி மாதிரி கடினமாக இருக்கும், நடுவில் சோறு மாதிரி பொதபொதவென்று இருக்கும். ஒரே அறுவையில் கடினம், மென்மை, மறுபடி கடினம் என்று செயின் மாறி மாறிப் போகிறது. அந்த நார் கூரைச் சீக்கிரம் தின்னும். காற்றில் விழுந்து கிடந்த மரம் என்றால் பட்டையில் மண்ணும் இருக்கும். இதற்கு முனை கூரான ஃபுல் சிசல் செயினைவிட, மூலை உருண்ட செமி சிசல் நின்று உழைக்கும். தொடக்க வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கூர் நிற்கும் நேரம் அதிகம். அறுப்பதற்கு முன் வெட்டும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் செதுக்கி மண்ணைத் தட்டிவிட்டால் அதுவே பாதி வேலை.

பார் நீளத்தைப் பற்றியும் சொல்கிறேன். 22 இன்ச் இந்தச் சக்திக்கு அதிகம். 18 இன்ச் பார் போட்டால் இஞ்சினுக்குப் பலம் கூடிவிடாது. ஒரே தென்னையை இரண்டு பாரிலும் அறுத்தால் மரத்துக்குள் இருக்கும் பற்கள் அதே எண்ணிக்கைதான். ஆனால் புளி போன்ற பருமனான மரத்தில் ஒரே நேரத்தில் புதைக்கக்கூடிய நீளம் குறைகிறது, இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்து எடுப்பீர்கள், ஒரு பல்லுக்குக் கிடைக்கும் இழுவை கூடும். ஆயில் நுனிவரை போகும், தீட்ட வேண்டிய பற்களும் குறையும். 22 இன்ச்சுக்கு வழக்கமாக 86 லிங்க், 18-க்கு 72. ஆனால் வாங்குவதற்கு முன் பாரில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீளமான பாரே வேண்டும் என்பவர்கள் ஸ்கிப் செயின் போடுவதுண்டு, அதில் மூன்று லிங்க்குக்கு ஒரு பல்தான். 50 செ.மீ. மரத்தில் 15-க்குப் பதில் 10 பற்கள், ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. கருத்தளவில் உங்களுக்கும் பொருந்தும், ஆனால் அது பெரும்பாலும் 3/8, .404 செயின்களில்தான் வருகிறது, .325-இல் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.

உங்கள் மெஷினை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சைலன்சரில் கரி பிடித்திருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கிளட்ச் முன்பே வழுக்கிக்கொண்டிருக்கலாம். எழுத்தில் இருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஃபில்டரைக் கழுவுங்கள், செயினை ஒழுங்காகத் தீட்டி ரேக்கரை 0.65-இல் நிறுத்துங்கள், ஒரு 30 செ.மீ. வேம்பில் மெஷினை அழுத்தாமல் அதன் சொந்த எடையில் இறக்கிப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடி, புளியில் மட்டும் இறங்கினால் இஞ்சின் நன்றாக இருக்கிறது, பார்தான் நீளம். வேம்பிலேயே இறங்கினால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் விட்டுவிட்டு, மெக்கானிக்கிடம் கொடுத்து கம்ப்ரஷனையும் கிளட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தில் பாதி நாள் இரண்டடிப் புளியும் மாவும் அறுக்கிற வேலை உங்களுக்கு உண்டு என்றால், 3/8 செயினுக்கும் புது பாருக்கும் கொடுக்கவிருந்த பணத்தை எடுத்து வையுங்கள். 70 சிசி வகுப்பில், மூன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் உள்ள மெஷின் வாங்கும்போது அது உதவும், 3/8, 7 பல் அதில் கம்பெனியிலிருந்தே வரும்.